நோ டியூஸ் படிவத்தில் ரசாயனப் புட்டிக்கு இடமில்லை: பல்கலைக்கழக ஆய்வகப் பாதுகாப்பை எங்கிருந்து தொடங்குவது?

பியூரெட்

வணக்கம் நண்பர்களே. வேதியியல் துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. போன வாரம் துறைத்தலைவர் கூப்பிட்டு, இனிமேல் ஆய்வகப் பாதுகாப்பு உங்கள் பொறுப்பு என்றார். ஆணை ஒரே வரிதான். பணம் எவ்வளவு, எனக்கு என்ன அதிகாரம் என்பதெல்லாம் அதில் இல்லை.

முதல் வேலையாக ஐந்து ஆய்வகங்களையும் ஸ்டோரையும் ஒரு நோட்டும் கையுமாகச் சுற்றிப் பார்த்தேன். நச்சுப் புகையை வெளியே இழுக்கும் ஃப்யூம் ஹூட்கள் மூன்றில் இரண்டு சாமான் அடுக்கும் அலமாரியாகிவிட்டன. ஹைட்ரஜன் சிலிண்டர் சங்கிலி இல்லாமல் சுவரில் சாய்ந்து நிற்கிறது. வீட்டில் வைத்திருப்போமே, அதே மாதிரி ஃப்ரிட்ஜில் எளிதில் தீப்பிடிக்கும் டைஎத்தில் ஈதர் இருக்கிறது. கண் கழுவும் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

என்னை அதிகம் பயமுறுத்தியது ஸ்டோரின் கடைசி அலமாரி. படித்து முடித்துப் போன ஸ்காலர்கள் (ஆராய்ச்சி மாணவர்கள்) விட்டுப்போன புட்டிகள், அறுபதுக்கு மேல். ஒன்றில் "ஆர்.கே. 14, மூன்றாம் பகுதி" என்று பால்பாயிண்டில் எழுதியிருக்கிறது. ஆர்.கே. யார் என்று துறையில் யாருக்கும் தெரியவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பது ஆர்.கே.வுக்கு மட்டுமே தெரியும்.

சுவரில் போஸ்டர் ஒட்டியாயிற்று. வருடத்துக்கு ஒரு நாள் லெக்சரும் நடக்கிறது. இரண்டாலும் எதுவும் மாறவில்லை. உங்கள் இடத்தில் உண்மையாகவே பலன் கொடுத்தது எது? அனுபவத்தில் இருந்து சொல்லுங்கள்.

மருதமலை

தம்பி, நான் மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் ஆலையில் சேஃப்டி ஆபீஸராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மகள் எம்.எஸ்ஸி. படித்தபோது அவள் லேபைப் பார்க்கப் போனேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் ஆலையில் அப்படி ஓர் அறை இருந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் பூட்டியிருப்பேன்.

ஆலைக்காரர்கள் நல்லவர்கள், பேராசிரியர்கள் அலட்சியமானவர்கள் என்று நான் சொல்லவில்லை. எங்களைத் தட்டிக் கேட்க ஆள் இருந்தது, அவ்வளவுதான். நான் வேலை பார்த்த காலம் முழுக்க 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டம் எங்கள் தலைக்கு மேல் இருந்தது. ஆயிரம் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் சேஃப்டி ஆபீஸர் கட்டாயமாக இருந்தது. போபாலுக்குப் பிறகு, 1987இல், அபாயகரமான தொழில்களுக்கென்றே அந்தச் சட்டத்தில் தனி அத்தியாயம் சேர்த்தார்கள். உடனடி ஆபத்து இருக்கிறது என்று தொழிலாளி எச்சரிக்கலாம், நிர்வாகம் அதைக் கவனித்தே ஆக வேண்டும் என்பது அதில் இருந்தது. ஸ்காலர் தொழிலாளி இல்லை. அவர் வாங்குவது சம்பளம் இல்லை, உதவித்தொகை. அதனால் அந்தக் குடைக்குள் அவர் வரவில்லை.

அதனால் நீங்கள் முதலில் கேட்டு வாங்க வேண்டியது கையுறையும் இல்லை, கண்ணாடியும் இல்லை. "நிறுத்து" என்று சொல்லும் அதிகாரம். அது எழுத்தில் வேண்டும். ஒரு சோதனையை நிறுத்தச் சொன்னால், அது யாருடைய புராஜெக்ட் ஆனாலும் நிற்க வேண்டும். அது கிடைக்காவிட்டால், விபத்து நடந்த பிறகு கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக உங்களை நியமித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாரகை

நான் நான்காம் வருட ஸ்காலர். பெயர் சொல்ல வேண்டாம் என்றே இந்தப் புனைபெயரில் எழுதுகிறேன்.

போன வருடம் இரவு பத்தரை மணிக்கு லேபில் தனியாக இருந்தேன். கழிவு கேனில் நைட்ரிக் அமிலக் கழிவை ஊற்றி மூடியை இறுக்கிவிட்டு என் மேசைக்கு வந்தேன். கேன் மேல் அமிலக் கழிவு என்றுதான் எழுதியிருந்தது. பகலில் வேறு யாரோ அதில் ஆல்கஹால் ஊற்றியிருக்கிறார்கள். இருபது நிமிடம் கழித்துக் கேன் வெடித்தது. பழுப்பு நிறப் புகை அறை முழுக்க. நான் நான்கு மீட்டர் தள்ளி இருந்ததால் தப்பித்தேன். ஒரு சின்னத் துளி மணிக்கட்டில் பட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது.

நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. விடியும் வரை நானே கழுவித் துடைத்தேன். சொல்லியிருந்தால் கைடு என்ன கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும்: "ராத்திரி பத்தரைக்கு உன்னை யார் இருக்கச் சொன்னது?" ஆனால் ராத்திரி பத்தரைக்கு இருந்தால்தான் அடுத்த வார மீட்டிங்குக்கு டேட்டா கிடைக்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

பியூரெட் சார், உங்கள் பல்கலைக்கழகத்திலும் என்னைப் போல ஒரு பெண் கட்டாயம் இருப்பாள். அவள் உங்களிடம் வந்து சொல்வதற்கு வழி செய்யுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பனித்துளி

தாரகை, நீங்கள் இதை எழுதியதற்கு நன்றி. கையைத் தோல் மருத்துவரிடம் காட்டினீர்களா?

நான் அமெரிக்காவில் போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி. முடித்த பிறகு ஆராய்ச்சி செய்பவள். இங்கே சேர்ந்த முதல் நாளே எல்லோருக்கும் ஷெரி சாங்ஜியின் கதையைச் சொல்கிறார்கள். தமிழில் அதிகம் எழுதப்படவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

2008 டிசம்பர் 29. கிறிஸ்துமஸ் விடுமுறை, லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் பாதி காலி. ஷெரிக்கு 23 வயது. ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. டெர்ட்-பியூட்டைல் லித்தியம் காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் பொருள். அதைப் பிளாஸ்டிக் சிரிஞ்சில் இழுத்துக்கொண்டிருந்தபோது உந்துதண்டு வெளியே வந்துவிட்டது. அவர் லேப் கோட் போட்டிருக்கவில்லை. உடுத்தியிருந்தது செயற்கை இழை ஸ்வெட்டர். அது உருகி உடம்போடு ஒட்டிக்கொண்டது. அவசர ஷவர் அதே அறையில் இருந்தது, அதன் அடியில் யாரும் அவரைக் கொண்டுபோய் நிறுத்தவில்லை. 18 நாள் கழித்து, 2009 ஜனவரி 16 அன்று இறந்துபோனார்.

இதில் மனசை அறுப்பது என்னவென்றால், விபத்துக்கு இரண்டு மாதம் முன்பே பல்கலைக்கழகத்தின் சொந்த ஆய்வுக் குழு அந்த லேபுக்கு வந்து, யாரும் லேப் கோட் போடவில்லை என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறது. சரிசெய்யப்படவில்லை. தாளில் எல்லாம் இருந்தது.

2011 டிசம்பரில் பல்கலைக்கழக நிர்வாகத்தின் மீதும் அவருடைய பேராசிரியர் மீதும் குற்ற வழக்குப் பதிவானது. ஆய்வக விபத்துக்காக ஒரு பேராசிரியர் குற்றவாளிக் கூண்டு வரை வந்தது அதுதான் அமெரிக்காவில் முதல் முறை. பிறகு இரண்டு வழக்குமே சமரச ஒப்பந்தங்களில் முடிந்தன, யாரும் சிறைக்குப் போகவில்லை. ஆனாலும் அந்த வழக்குக்குப் பிறகுதான் நாடு முழுக்கப் பேராசிரியர்கள் தங்கள் லேபுக்குள் எழுந்து நடந்து பார்க்க ஆரம்பித்தார்கள்.

கீழநத்தம்

முப்பத்தோரு வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிய விரும்புகிறேன். கோபப்பட வேண்டாம்.

அமெரிக்கக் கதைகளைக் கேட்டு இங்கே விதி போட்டால் நடக்காது. ஒரு நல்ல ஃப்யூம் ஹூட் பல லட்சம் ஆகும். அதற்குக் குழாய், மொட்டை மாடியில் மோட்டார், மாதாமாதம் மின்கட்டணம். எங்கள் கல்லூரியில் ரசாயனம் வாங்கவே மார்ச் மாதம் வரை கோப்பு நகராது. நாங்கள் வாயால் பிப்பெட் உறிஞ்சியவர்கள். கிப்ஸ் கருவியில் இருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு வாசனையில் வருடக்கணக்கில் நின்றவர்கள். மாணவனுக்கு நல்ல கைப்பழக்கம் கற்றுக்கொடுத்தால் போதும். விதி, படிவம், கமிட்டி என்று போனால் சோதனை செய்ய நேரம் இருக்காது.

மருதமலை

ஐயா, உங்கள் அனுபவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த ஹைட்ரஜன் சல்பைடைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வரும் வரைக்கும் நமக்கு எச்சரிக்கை இருக்கிறது. பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்குப் போனால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. வாசனை போய்விட்டது என்று நினைத்து உள்ளே போனவர்களை நான் தூக்கி வெளியே கொண்டுவந்திருக்கிறேன். அதில் ஒருவர் பிழைக்கவில்லை.

"நாங்கள் பிழைத்தோமே" என்பதை நீங்களும் நானும் சொல்ல முடிகிறது. பிழைக்காதவர் சொல்ல முடியாது.

பனித்துளி

கைப்பழக்கம் பற்றிக் கீழநத்தம் ஐயா சொன்னதற்கு இன்னொரு சம்பவம் சொல்கிறேன்.

கேரன் வெட்டர்ஹான், டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர். நச்சு உலோகங்கள்தான் அவருடைய ஆராய்ச்சியே. கைப்பழக்கத்தில் குறை சொல்ல முடியாதவர். 1996 ஆகஸ்ட் 14 அன்று ஃப்யூம் ஹூடுக்குள் கையை வைத்து, கையுறை போட்டுக்கொண்டுதான் டைமெத்தில் மெர்குரி என்ற கொடிய பாதரசச் சேர்மத்தை எடுத்தார். ஓரிரு துளி கையுறை மேல் விழுந்தது. அது லேடெக்ஸ் கையுறை. அந்தப் பொருள் லேடெக்ஸைப் பதினைந்தே விநாடிக்குள் கடந்துவிடும் என்று பிறகுதான் சோதித்துக் கண்டுபிடித்தார்கள். ஐந்து மாதம் கழித்து நடை தள்ளாடியது, பேச்சுக் குழறியது. 1997 ஜூனில் இறந்தார்.

ஆளின் திறமையை மட்டும் நம்பி ஓர் ஏற்பாடு நிற்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். எந்தப் பொருளுக்கு எந்தக் கையுறை என்ற கேள்விக்கு அவரவர் நினைவில் இருந்து பதில் வரக் கூடாது. மேசைக்கு மேல் ஒட்டிய அட்டையில் இருந்து வர வேண்டும்.

அட்டெண்டர்26

எல்லாரும் படித்தவர்கள் பேசுகிறீர்கள், நான் ஒரு ஓரமாகச் சொல்லிக்கொள்கிறேன். அரசுக் கல்லூரியில் லேப் அட்டெண்டராக 26 வருடம். பத்தாவது வரை படிப்பு.

ஸ்டோரில் இருந்து இரண்டரை லிட்டர் அமில பாட்டிலை மூன்றாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவது நான். கழுத்தைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அடியில் கை கொடுக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது எனக்கு முன்னால் இருந்த பெரியவர். அவர் வலது கையில் இரண்டு விரல் ஒட்டியிருக்கும். குரோமிக் அமிலத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுவதும் நான்தான். பதினைந்து வருடம் வெறும் கையில் கழுவினேன். நகம் எல்லாம் ஓட்டை விழுந்துவிட்டது. அது புற்றுநோய் கொடுக்கும் பொருள் என்று இரண்டு வருடம் முன்னால் ஒரு பாப்பா, பி.எஸ்ஸி. மூன்றாம் வருடம், அதுதான் வந்து சொன்னது. அந்தப் பாப்பாவே பத்து ரூபாய் கையுறை வாங்கிக் கொடுத்தது.

வருஷா வருஷம் சேஃப்டி மீட்டிங் நடக்கிறது. சேர் போடுவது, டீ கொண்டுபோவது நான். உள்ளே உட்காரச் சொல்லி ஒரு தடவையும் கூப்பிட்டதில்லை. அந்தக் கடைசி அலமாரியில் எந்தப் புட்டி எந்த வருஷம் வந்தது, எது ஊறி ஒழுகுகிறது என்பது எனக்குத் தெரியும். யாரும் கேட்டதில்லை.

பியூரெட் சார், உங்கள் கல்லூரியிலும் ஒரு அட்டெண்டர் இருப்பார். ஆர்.கே. யார் என்று அவரைக் கேட்டீர்களா?

பியூரெட்

அண்ணா, கேட்கவில்லை. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இன்று காலை முதல் வேலையாகப் போய்க் கேட்டேன். அவர் பெயர் எழுத அனுமதி வாங்கவில்லை, அதனால் எழுதவில்லை. ஆர்.கே. யார், எந்த வருடம் போனார், யாரிடம் பிஎச்.டி. செய்தார் என்று நின்ற இடத்திலேயே சொன்னார். அந்தக் கைடு ஓய்வு பெற்று இதே ஊரில்தான் இருக்கிறார். போன் செய்தேன். அந்தப் புட்டிகள் அசைடு வேலையின் மிச்சம், உலோகம் பட்டால் வெடிக்கக்கூடியவை, உலோகக் கரண்டியால் தொடாதே என்றார்.

கரண்டியை நான் கையில் எடுத்திருந்தேன். எடை பார்ப்பதற்காக.

உங்களிடம் ஒன்று கேட்கலாமா? துறையில் இருந்து போகிற ஸ்காலர் நோ டியூஸ் படிவத்தில் கையெழுத்து வாங்குகிறார். நூலகப் புத்தகம் இருக்கிறதா, விடுதி பாக்கி இருக்கிறதா, அடையாள அட்டை கொடுத்தாரா என்று பார்க்கிறோம். அவர் தயாரித்த ரசாயனங்கள் எங்கே என்று அந்தப் படிவத்தில் ஒரு வரி இல்லை. முந்நூறு ரூபாய்ப் புத்தகத்துக்கு இருக்கும் கவனம் அசைடு புட்டிக்கு இல்லை. எனக்கு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று தோன்றுகிறது.

மருதமலை

சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள் தம்பி. மாயாபுரி நினைவிருக்கிறதா?

டெல்லி பல்கலைக்கழக வேதியியல் துறையில் கோபால்ட் 60 வைத்த காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்று இருந்தது. 1985க்குப் பிறகு யாரும் பயன்படுத்தவில்லை. இருபத்தைந்து வருடம் ஓர் அறையில் கிடந்தது. 2010 பிப்ரவரியில் பழைய சாமான் என்று ஏலத்தில் விற்றுவிட்டார்கள். மேற்கு டெல்லி மாயாபுரி காயலான் கடைகளுக்கு அது போனது. அங்கே உடைத்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத மனிதர்கள் அதைக் கையால் எடுத்தார்கள், ஒருவர் ஒரு துண்டைப் பர்ஸில் வைத்திருந்தார். பலர் கதிர்வீச்சுப் பாதிப்போடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஒருவர் ஏப்ரல் மாதம் இறந்தார்.

அந்தத் துறையில் கதிரியக்கம் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. அந்தப் பொருள் யாருடையது என்ற கேள்விக்குத்தான் பதில் சொல்ல ஆள் இல்லாமல் போனது. உங்கள் அலமாரியும் அதே கதைதான், அளவு சிறியது.

கீழநத்தம்

மாயாபுரியைச் சொன்னதும் எனக்கு வேறு பதில் தோன்றவில்லை. நான் ஓய்வு பெற்றபோது என் அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, நானும் பட்டியல் கொடுக்கவில்லை. நாளை கல்லூரிக்குப் போகிறேன். என் பழைய மாணவன்தான் இப்போது அங்கே ஹெச்.ஓ.டி. இருவரும் உட்கார்ந்து எழுதுகிறோம்.

பணம் பற்றி நான் சொன்னது மட்டும் அப்படியே நிற்கிறது. அதை யாராவது பேசுங்கள்.

நுண்ணுயிர்

பணம் இல்லாமல் செய்யக்கூடியவை பற்றி ஐயாவுக்கு என் பங்கு. நான் நுண்ணுயிரியல். எங்கள் கட்டடத்தில் திரவ நைட்ரஜனை இரண்டாம் மாடிக்கு லிஃப்டில் கொண்டுபோவோம், பாத்திரத்தோடு ஆளும் ஏறுவார். ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் கிட்டத்தட்ட 700 லிட்டர் வாயு. லிஃப்ட் நடுவில் நின்று பாத்திரம் கவிழ்ந்தால் உள்ளே சுவாசிக்கக் காற்று மிஞ்சாது. நாற்றமும் இல்லை, மூச்சுத் திணறலும் தெரியாது, ஆள் அப்படியே சாய்வார். இப்போது பாத்திரத்தை மட்டும் லிஃப்டில் ஏற்றி, "நைட்ரஜன் போகிறது, ஏறாதீர்கள்" என்று கயிற்றில் அட்டை கட்டி அனுப்புகிறோம். மேலே ஒருவர் நின்று எடுத்துக்கொள்வார். செலவு ஓர் அட்டை, ஒரு கயிறு.

அதே மாதிரி ஈதர், டெட்ராஹைட்ரோஃபியூரான் பாட்டிலைத் திறக்கும் அன்றே தேதி எழுதுவது. அவை காற்றுப்பட்டு, வெடிக்கக்கூடிய பெராக்சைடு ஆகும். தேதி இருந்தால் பழசா புதுசா என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஒரு மார்க்கர் பேனா போதும். வீட்டு ஃப்ரிட்ஜில் ஈதர் வைக்காமல் இருப்பதற்கும் செலவில்லை. அதன் தெர்மோஸ்டாட்டில் வருகிற சின்னப் பொறியே போதும், கதவு பறந்து எதிர்ச் சுவரில் அடிக்கும்.

தாரகை

பனித்துளி அக்கா, காட்டினேன். பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். விபத்து ஆகாமல் தப்பித்ததை எங்கே எழுதுவது? எழுதினால் யார் பெயர் வெளியே வரும்?

பனித்துளி

இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி என்று நினைக்கிறேன் தாரகை.

2010 ஜனவரியில் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு ஸ்காலர் நிக்கல் ஹைட்ரசீன் பெர்குளோரேட்டை உரலில் வைத்து இடித்தபோது வெடித்தது. மூன்று விரல்கள் போயின, கண்ணில் காயம். அந்தக் குழுவில் 100 மில்லிகிராமுக்கு மேல் செய்யக் கூடாது என்று வாய்ச்சொல்லாக ஒரு விதி உண்டு. அவர்கள் செய்திருந்தது பத்து கிராம் அளவு. அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. அந்த வாரியம் ஒரு பல்கலைக்கழக லேபை முழுதாக விசாரித்தது அதுவே முதல் தடவை. அதே குழுவில் அதற்கு முன்பே தப்பித்த சம்பவங்கள் இருந்ததை வாரியம் கண்டுபிடித்தது. அவை பாடமாக மாறவில்லை.

2016 மார்ச்சில் ஹவாயில் ஹைட்ரஜன், ஆக்சிஜன் கலந்த தொட்டி வெடித்து ஒரு போஸ்ட்டாக் பெண் கையை இழந்தார். அதற்கு முந்தைய நாள் அதேபோன்ற சிறிய தொட்டி ஒன்று சின்னதாக வெடித்திருந்தது. தொட்டால் மின்பொறி அடிக்கிறது என்றும் சொல்லியிருந்தார். கவலைப்பட வேண்டாம் என்று பதில் வந்தது.

மினசோட்டா பல்கலைக்கழகம் 2012இல் டவ் கெமிக்கல் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு வேலை செய்தது. ஒவ்வொரு ஆராய்ச்சிக் குழுவிலும் ஒரு மாணவரைப் பாதுகாப்புப் பொறுப்பாளராக்கி, அவர்களை ஒரே குழுவாகச் சேர்த்தார்கள். மாணவர்கள் ஒருவர் லேபை ஒருவர் போய்ப் பார்ப்பார்கள். மேலே இருந்து வரும் இன்ஸ்பெக்‌ஷனில் ஒளித்துவைப்பதை, பக்கத்து லேப் நண்பனிடம் யாரும் ஒளிப்பதில்லை. உங்கள் இரவு பத்தரைச் சம்பவத்தை நீங்கள் கைடிடம் சொல்ல வேண்டியதில்லை. அந்த நண்பரிடம் சொன்னால் போதும், பெயர் இல்லாமல் எல்லா லேபுக்கும் போய்ச் சேரும்.

கீழநத்தம்

தாரகை அம்மா, கைடாக இருந்தவன் என்ற முறையில் ஒன்று. என்னிடம் எந்த ஸ்காலரும் இப்படி வந்து சொன்னதில்லை. என் லேபில் எதுவும் நடக்கவில்லை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று இரவு என் பழைய மாணவர்கள் மூன்று பேருக்குப் போன் செய்து கேட்டேன். மூன்று பேரிடமும் ஒரு கதை இருந்தது. அதில் ஒன்று சோடியம் மிச்சத்தைச் சிங்க்கில் போட்டுத் தீப்பிடித்தது. நான் மாடியில் வகுப்பில் இருந்திருக்கிறேன்.

மருதமலை

ஐயா, நீங்கள் இதை எழுதியது பெரிய விஷயம்.

பியூரெட் தம்பிக்கு நடைமுறையாக இன்னும் சில. ஆம்புலன்ஸ் 108க்குப் போன் செய்தால் எந்த வாசல் என்று கேட்பார்கள், பாதிப் பல்கலைக்கழகங்களில் இரவில் ஒரு வாசல்தான் திறந்திருக்கும். லேப் கதவில் அதை எழுதி ஒட்டுங்கள். ஒருவர் காயப்பட்டவரோடு, ஒருவர் வாசலுக்கு, இது முதலிலேயே முடிவாகியிருக்க வேண்டும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வைத்திருக்கிறீர்களா? இருந்தால் அதன் காயத்துக்கு முதலுதவியான கால்சியம் குளுக்கோனேட் ஜெல் அதே அறையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த அமிலம் இருக்கக் கூடாது. அதில் பேரம் கிடையாது. கண்ணில் எது தெறித்தாலும் பதினைந்து நிமிடம் ஓடுகிற தண்ணீர்.

அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் கேட்கிறேன். உங்கள் குழாயில் ஏன் காற்று வந்தது?

பியூரெட்

சார், தேடிப் பார்த்துவிட்டேன். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை மாலை ஐந்து மணிக்கு நிறுத்திவிட்டுப் பம்ப் ஆபரேட்டர் வீட்டுக்குப் போகிறார். தோட்டத்துக்கும் அதே தொட்டி. ஆறு மணிக்குத் தொட்டி காலி. ஸ்காலர்கள் தனியாக வேலை செய்யும் நேரம் முழுக்க ஷவரும் கண் கழுவும் குழாயும் வெறும் இரும்பு.

பியூரெட்

மூன்று மாதம் கழித்து வருகிறேன். கேட்டவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நிறுத்தும் அதிகாரம் எழுத்தில் கிடைக்க நான்கு கூட்டம் ஆனது. ஒரு மூத்த பேராசிரியர் கடைசி வரை எதிர்த்தார். அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது, நிறுத்தினால் எத்தனை நாளில் மறுபடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். 48 மணி நேரம் என்று அதையும் சேர்த்தோம். இதுவரை இரண்டு முறை பயன்படுத்தியிருக்கிறேன். ஒன்று சங்கிலி இல்லாத ஹைட்ரஜன் சிலிண்டர்.

நோ டியூஸ் படிவத்தில் இப்போது ஒரு பக்கம் கூடியிருக்கிறது. போகிறவர் ஒவ்வொரு புட்டிக்கும் உள்ளே என்ன, யாரிடம் ஒப்படைக்கிறார் என்று எழுத வேண்டும். பெறுகிறவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்டோர் அட்டெண்டர் கையெழுத்து இல்லாமல் படிவம் நகராது. அந்தக் கடைசி விதி அட்டெண்டர்26 அண்ணனின் பதிவைக் கூட்டத்தில் வாசித்த பிறகு வந்தது. குரோமிக் அமிலம் துறையில் நின்றுவிட்டது, இப்போது சோப்புக் கரைசல்தான்.

அலமாரியைக் காலி செய்யும்போது விலங்கியல் துறையில் இருந்து கூப்பிட்டார்கள். திசுக்களைப் பதப்படுத்தும் பூவான் கரைசல் செய்ய வாங்கிய பிக்ரிக் அமிலம், அடியில் தண்ணீர் வற்றிக் காய்ந்துபோய், மூடியின் மரையில் மஞ்சள் படிகத்தோடு இருந்தது. காய்ந்த பிக்ரிக் அமிலம் வெடிபொருள், மூடியைத் திருகினாலே போதும். அதைத் திறக்க விடாமல் தடுத்தது அங்கிருந்த அட்டெண்டர். தீயணைப்புத் துறைக்கும் காவல் துறைக்கும் சொன்னோம். வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவினர் வந்து எடுத்துப்போனார்கள்.

மாணவர் பொறுப்பாளர்கள் ஏழு பேர். பெயரில்லாத நோட்டில் மூன்று மாதத்தில் பதினொரு பதிவு. முதல் பதிவை என் ஸ்காலர்தான் எழுதியிருக்கிறார், என் லேபில் நடந்தது. எனக்குத் தெரியாமல் இருந்தது.

ஃப்யூம் ஹூட் பழுதுபார்க்கப் பணம் இன்னும் வரவில்லை. காலி செய்த இரண்டில் ஒன்று இழுக்கவே இல்லை. கதவில் "வேலை செய்யவில்லை" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அந்த லேபில் ஆவியாகும் கரைப்பான் வேலை நிற்கிறது. இரண்டு ஸ்காலருக்கு இதனால் தாமதம். அவர்கள் என் மேல் வருத்தத்தில் இருக்கிறார்கள், அது நியாயம்தான். கீழநத்தம் ஐயா, பணம் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. கோப்பு நிதி அலுவலகத்தில் இருக்கிறது.

அட்டெண்டர்26

சார், மோட்டார் விஷயம் என்ன ஆச்சு என்று எழுதவில்லையே?

பியூரெட்

மறந்துவிட்டேன் அண்ணா. அவசரக் குழாய்களுக்கு மட்டும் தனியாக ஐந்நூறு லிட்டர் தொட்டி வைத்தாயிற்று. தோட்டத்துக்கு அதில் இருந்து லைன் கிடையாது. எங்கள் அட்டெண்டர் வாரம் ஒரு நாள், திங்கட்கிழமை, ஷவரை இழுத்துப் பார்த்து நோட்டில் எழுதுகிறார். முதல் திங்கள் துருத் தண்ணீர் வந்தது, ஒரு வாளி போன பிறகு தெளிந்தது. நேற்று இரவு ஒன்பது மணிக்கு நானும் ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். வந்தது.